புது ஸ்பீக்கர் வாங்கும் முன் கதவைத் தட்டிப் பாருங்கள்

மாணவர்களே, இன்று பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வாசலில் கார் நின்றால், அதன் முன்கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் காலி மைலோ டின்னைத் தட்டியது போல "டங்" என்று கேட்கும். உங்கள் அப்பா தினமும் செய்தி கேட்கும், நீங்கள் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் அந்த டின்னுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

காரில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் நாம் உடனே என்ன சொல்கிறோம்? "கம்பெனி செட் அப்படித்தான். நல்ல ஸ்பீக்கர் மாற்ற வேண்டும், ஆம்ப்ளிஃபையர் போட வேண்டும்" என்கிறோம். என் கருத்து வேறு. முதல் செலவு ஸ்பீக்கருக்கு அல்ல, அது பொருத்தப்பட்டிருக்கும் கதவுக்கு. அதற்கும் முன்பு செலவே இல்லாத சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்ய உங்களுக்குத் தேவைப்படுவது நான்காம், ஐந்தாம் படிவத்தில் படிக்கும் இயற்பியல்தான்.

இதை நான் பணத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன். முதல் வேலையில் சேர்ந்து, பழைய கார் ஒன்றை வாங்கியபோது, இரண்டு மாதம் சேர்த்த பணத்தில் முன்கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர் போட்டேன். பெட்டியில் பெரிய பெரிய எண்கள் அச்சிட்டிருந்தன. பொருத்தி முடித்து, உறுமி மேளப் பதிவு ஒன்றைப் போட்டேன். உறுமியின் அடிநாதம் வரவேயில்லை. ஒலியைக் கூட்டியபோது கதவுதான் "கிர்ர்" என்று உறுமியது. ஸ்பீக்கர் புதிது, கதவு பழையது. தவறு எங்கே என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆனது. உங்களுக்கு ஒரு பக்கம் படித்தால் போதும்.

பெட்டியில் இருக்கும் எண்

முதலில் அந்தப் பெரிய எண்களைப் பார்ப்போம். கார் வானொலிப் பெட்டியின் மேல் "50 வாட் × 4" என்று போட்டிருக்கும். அது எங்கிருந்து வருகிறது? நீங்களே கணக்குப் போடலாம்.

இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம். மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, மின்தடையால் வகுத்தால் மின்திறன் கிடைக்கும். 14.4 × 14.4 = 207.36. அதை 4-ஆல் வகுத்தால் 51.84 வாட். இதோ அந்த 50!

ஆனால், இந்த விடை முழு மின்னழுத்தமும் ஒரு நொடிகூடக் குறையாமல் ஸ்பீக்கரில் நின்றால்தான் சரி. இசை அப்படி நிற்பதில்லை, அது ஏறி இறங்கும் அலை. அதே உச்சத்தைத் தொடும் சீரான அலைக்கு மின்திறன் பாதிதான், அதாவது சுமார் 26 வாட். மின்சுற்றில் இழப்பதையும் கழித்து, ஒலி சிதையாமல் உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய 15 முதல் 20 வாட்.

பெட்டியில் இருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஓர் உச்ச எண். நீங்கள் பாட்டுக் கேட்கும் எண் அல்ல, அவ்வளவுதான்.

சரி, பெரிய ஆம்ப்ளிஃபையர் போட்டு வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தமும் இரட்டிப்பாகுமா? ஆகாது. மின்திறனை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவுதான். "இரண்டு மடங்கு சத்தம்" என்று நமக்குத் தோன்றுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் உயர வேண்டும். அதற்கு மின்திறனைப் பத்து மடங்காக்க வேண்டும். 15 வாட்டை 150 வாட் ஆக்கும் செலவை நினைத்துப் பாருங்கள்.

அடிநாதம் எங்கே போனது?

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது அதன் முன்புறக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. ஆக, ஒரு ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் இரண்டு ஒலி அலைகளை எழுப்புகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்எதிர். முன்னலையில் மேடு இருக்கும் இடத்தில் பின்னலையில் பள்ளம் இருக்கும்.

இவ்விரண்டும் சந்தித்தால் என்ன ஆகும்? நான்காம் படிவத்தில் அலைகளின் குறுக்கீடு படிப்பீர்கள். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

எல்லா ஒலிகளும் இப்படி அழிவதில்லை. 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அடிநாதத்தின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். ஸ்பீக்கரின் விளிம்போ கதவின் துளையோ அதற்கு ஒரு பொருட்டே அல்ல, எளிதாக வளைந்து மறுபக்கம் போய்விடும். 5000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. அது அவ்வளவாக வளையாமல் நேராகப் போகும். அதனால்தான் பாடகரின் குரல் கேட்கிறது, தவிலும் உறுமியும் காணாமல் போகின்றன.

நம்பிக்கை வரவில்லையா? பழுதான பழைய வானொலி ஒன்றிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி, வேலை செய்யும் சிறிய வானொலியில் இணைத்துக் கையில் பிடித்துக் கேளுங்கள். கொசு பாடுவது போல இருக்கும். இப்போது ஒரு பெரிய அட்டையில் அந்த ஸ்பீக்கர் அளவுக்குத் துளை போட்டு, துளையோடு ஒட்டிப் பிடித்துக் கேளுங்கள். அதே ஸ்பீக்கர், அதே வானொலி, ஆனால் ஒலி கனமாகிவிடும். முன்னலையும் பின்னலையும் சந்திக்காமல் அந்த அட்டை தடுக்கிறது.

கார் கதவும் அந்த அட்டை போலத்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால், கதவின் உட்புறத் தகட்டில் பெரிய பெரிய துளைகள் இருக்கின்றன. சன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கருவியையும் பூட்டையும் பொருத்துவதற்காகத் தொழிற்சாலையில் விடப்பட்ட துளைகள் அவை. பல கார்களில் அவற்றை மூடியிருப்பது ஒரு மெல்லிய நெகிழித் தாள் மட்டுமே. அது மழைநீரைத் தடுக்கும், அடிநாதத்தைத் தடுக்காது.

1985-இல் முதல் புரோட்டோன் சாகா நம் சாலைக்கு வந்த காலத்திலிருந்து காரின் முன்பலகையில் எத்தனையோ மாறிவிட்டன. ஒலிநாடா போனது, குறுந்தட்டு வந்து போனது, இப்போது தொடுதிரை இருக்கிறது. கதவு மட்டும் பெரும்பாலும் அன்று போலவே இரண்டு மெல்லிய தகடுகள்தான்.

காசு செலவாகாத வேலைகள்

கதவைக் கழற்றுவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, வானொலிப் பெட்டியில் பேஸ், டிரெபிள் இரண்டையும் நடுவில், அதாவது சுழியத்தில் வையுங்கள். பேஸை முழுதும் கூட்டினால், இருக்கும் 15 வாட்டும் அதிலேயே தீர்ந்து அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். கரகரப்பாகக் கேட்பது அதுதான். சிறிய ஸ்பீக்கர்கள் எரிந்துபோவதற்கும் இது ஒரு காரணம்.

இரண்டு, இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் ஒரே திசையில் இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் நேர், எதிர் கம்பிகள் மாறியிருந்தால், ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். அடிநாதம் காருக்குள்ளேயே அழிந்துவிடும். பட்டறையில் கம்பி மாற்றிய கார்களில் இந்தத் தவறு அபூர்வம் அல்ல. ஸ்பீக்கரைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் மின்கலத்தை அதன் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். மின்கலத்தின் நேர்முனை ஸ்பீக்கரின் நேர்முனையைத் தொட்டால் கூம்பு வெளியே நகர வேண்டும். பிறகு காரின் கம்பிகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இணைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

மூன்று, வானொலிப் பெட்டியில் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் வசதி இருந்தால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கச் சொல்லுங்கள். சிறிய கதவு ஸ்பீக்கரால் எழுப்ப முடியாத ஒலியை எழுப்பச் சொல்லி வதைப்பதை நிறுத்தினால், எழுப்பக்கூடியதை அது தெளிவாக எழுப்பும்.

சில பத்து ரிங்கிட்டில் முடியும் வேலை

இப்போது கதவு. இது உங்கள் கார் அல்ல, வீட்டின் கார். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் 17 வயது உங்களில் பலருக்கு இன்னும் ஆகவில்லை. ஆகவே அப்பாவிடமோ மாமாவிடமோ அனுமதி கேட்டு, அவரை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். கார் புதிதாக இருந்தால், உத்தரவாதம் பாதிக்குமா என்று முதலில் கேளுங்கள். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மஞ்சள் நிற இணைப்பான்களைத் தொடவே வேண்டாம். காற்றுப்பைக்குச் செல்லும் கம்பிகளுக்குப் பொதுவாக அந்த நிறத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். கதவுக்குள் காற்றுப்பையின் உணர்கருவி இருந்தால், துளைகளை மூடும் வேலையை விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கைப்பிடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் திருகாணிகளைக் கழற்றி, கதவின் உள்மூடியைக் கவனமாகப் பிரித்தால் தகடு தெரியும். கார் துணைப்பொருள் கடைகளில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் விரிப்பு கிடைக்கும். தகட்டில் இருக்கும் எண்ணெயையும் தூசியையும் துடைத்துவிட்டு, இந்த விரிப்பை வெட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்ட வேண்டும். தகடு அதிரும்போது ரப்பர் இழுபட்டு, அந்த அதிர்வைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. மைலோ டின்னுக்குள் ஈரத்துணியைத் திணித்துத் தட்டினால் "டங்" என்பது "டொக்" என்று ஆகுமே, அதே வித்தைதான். வெளித்தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. அதன் நடுப்பகுதியில் கால்வாசிப் பரப்புக்கு ஒட்டினாலே நல்ல மாற்றம் தெரியும்.

அடுத்து உட்தகட்டின் துளைகள். பெரிய துளைகளை மெல்லிய அலுமினியத் தகடோ கெட்டியான நெகிழித் தகடோ வைத்து மூடி, அதன் மேல் அதே விரிப்பை ஒட்டுங்கள். அதற்கு முன் சன்னல் கண்ணாடியை முழுதும் இறக்கிப் பார்த்து, எதுவும் இடிக்காது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசியாக, ஸ்பீக்கரைச் சுற்றி நீர் உறிஞ்சாத நுரை வளையம் ஒன்றை ஒட்டினால், முன்பக்க ஒலி உள்மூடிக்குள் புகாமல் காருக்குள் வரும்.

நம் நாட்டுக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள். கதவின் அடி விளிம்பில் சிறிய வடிகால் துளைகள் இருக்கும். அவற்றை ஒருபோதும் மூடாதீர்கள். நம் ஊர் மழையில் சன்னல் வழியே இறங்கும் நீர் அவற்றின் வழியேதான் வெளியேறுகிறது. மூடிவிட்டால் கதவு தண்ணீர்த் தொட்டியாகித் துருப்பிடிக்கும். இன்னொன்று, விலை குறைவு என்பதற்காகக் கூரை ஒழுகல் அடைக்கும் தார் விரிப்பை வாங்காதீர்கள். நண்பகல் வெயிலில் நிற்கும் காருக்குள் தார் இளகி வழியும், நாற்றமும் வரும்.

அலுமினியத் தாளின் விளிம்பு கத்தி போலக் கையைக் கிழிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

"கம்பெனிக்குத் தெரியாததா?"

இப்படிச் சொல்பவர்கள் உண்டு. "பொறியாளர்கள் யோசிக்காததையா நீ யோசித்துவிடப் போகிறாய்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். பொறியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால், காரின் விலை, எடை, எரிபொருள், பழுதுபார்க்கும் வசதி எல்லாவற்றையும் சேர்த்தே அவர்கள் முடிவெடுக்க வேண்டும். ஒரு கதவுக்கு ஒரு கிலோ விரிப்பு என்றால், லட்சம் கார்களுக்கு அது பெருந்தொகை. அவர்கள் எல்லாருக்கும் பொதுவான முடிவை எடுக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு எது முக்கியம் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

"எல்லாவற்றையும் கடையிலேயே செய்துவிடலாமே" என்பவர்களும் உண்டு. ஆம்ப்ளிஃபையர் போடுவதென்றால் நானும் அதையே சொல்வேன். மின்கலத்திலிருந்து நேராக வரும் தடித்த கம்பியில் தவறு நேர்ந்தால் காரே தீப்பிடிக்கலாம். அந்தக் கம்பியில் மின்கலத்துக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போடுவது, காய்ச்சல் தெரியக்கூடாது என்று வெப்பமானியை உடைப்பதற்குச் சமம். அதைத் தேர்ந்தவர் கையில் விட்டுவிடுங்கள். ஆனால், கதவுக்கு விரிப்பு ஒட்டுவதற்குத் தேவை பொறுமை மட்டுமே.

இதற்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவை எவ்வளவு அடைத்தாலும் அந்தச் சிறிய ஸ்பீக்கர் நெஞ்சை அதிரவைக்கும் 30 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பாது. டயர் இரைச்சலும் முழுதாக மறைந்துவிடாது. இருப்பதை முழுமையாகக் கேட்க முடியும், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஸ்பீக்கர் போதவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். நல்ல கதவில் போடும் புது ஸ்பீக்கர் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

உங்கள் காதை நம்பாதீர்கள்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். நாள் முழுக்கக் கஷ்டப்பட்டு வேலை செய்தவருக்கு ஒலி நன்றாகத்தான் கேட்கும். பணம் செலவழித்தவருக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். என் புது ஸ்பீக்கரை முதல் வாரம் முழுவதும் நானும் பாராட்டிக்கொண்டுதான் இருந்தேன்! மனம் எதிர்பார்ப்பதைக் காது கேட்டுவிடுகிறது.

ஆகவே அறிவியல் முறையில் சோதியுங்கள். முதலில் ஒரு கதவை மட்டும் முடியுங்கள். மறு கதவு பழையபடியே இருக்கட்டும். இயந்திரத்தை நிறுத்தி, சன்னல்களை மூடி, ஒரே பாட்டை, ஒரே ஒலி அளவில், ஒவ்வொரு பக்கமாக மாற்றி மாற்றி ஒலிக்கவிடுங்கள். நடு இருக்கையில் தங்கையையோ நண்பனையோ கண்ணை மூடி உட்காரச் சொல்லுங்கள். எந்தக் கதவில் வேலை செய்தீர்கள் என்று சொல்லாதீர்கள். பத்து முறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் ஐந்துதான் உங்கள் கதவு வென்றது என்றால், நீங்கள் எதையும் மாற்றவில்லை என்று பொருள். ஒன்பது முறை வென்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

சோதனைக்கு வானொலி நிலையத்தை நம்ப வேண்டாம். பண்பலை ஒலிபரப்பு 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை அனுப்புவதில்லை, ஒலிபரப்பும் பாட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கைப்பேசியில் இருக்கும் ஒரே பதிவைப் பயன்படுத்துங்கள். சீரான அதிர்வெண்ணை எழுப்பும் இலவசச் செயலி ஒன்றை வைத்து 40-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றிப் பார்த்தால், எந்த அதிர்வெண்ணில் எந்தத் திருகாணி நடுங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக, உங்கள் காது

ஒலி தெளிவில்லாதபோதுதான் நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் இரைச்சலோடு போட்டி போட்டு இன்னும் கூட்டுகிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி, 92 என்றால் இரண்டரை மணி. மேலே பார்த்த அதே 3 டெசிபல்தான். வாட்டை இரட்டிப்பாக்கிக் காதுக்கு "கொஞ்சம்" கூட்டியபோது, காது தாங்கும் நேரத்தைப் பாதியாக்கிவிட்டோம்.

காதுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய முடி அணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. காரின் ஸ்பீக்கர் போனால் கடையில் வேறு கிடைக்கும். இந்த ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே, என்னைப் பொறுத்தவரை நல்ல ஒலி என்பது குறைந்த சத்தத்திலேயே எல்லாம் தெளிவாகக் கேட்பதுதான்.

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். அப்பாவிடம் புது ஸ்பீக்கர் கேட்காதீர்கள், ஒரு திருகாணித் திருப்பியும் அரை நாளும் கேளுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். "டங்" என்பது "டொக்" என்று மாறியிருந்தால், வகுப்பில் படித்த அலைகள் உங்கள் வீட்டுக் கார் கதவுக்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம்.